பாறுகள்: பாறை முகட்டிலிருந்து தார்ப் பாலை வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஊர்களில் பாறுகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மாடு வளர்ப்பவர்கள், மருந்துக்கடைக்காரர்கள், கேமராவோடு வருகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று பலரும் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு நம் நீலகிரியோடு நிற்காது. மத்திய இந்தியாவின் பாறைச் சரிவுகளும் ராஜஸ்தானின் வறண்ட நிலமும் இந்தக் கதையில் சரிபாதி.

பாறுன்னா கழுகுதானே? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஊர்ப்பக்கம் பெரிதாகப் பறப்பது எல்லாமே கழுகுதான். பிணந்தின்னிக் கழுகு என்று நீங்கள் சொல்வதைத்தான் நான் பாறு என்கிறேன். கழுகு, ராஜாளி, வல்லூறு எல்லாம் வேட்டையாடும் பறவைகள். பாறு செத்ததைத் தின்று வாழ்வது. அதன் கால் நடப்பதற்குத் தோதானது. கழுகைப் போல இரையை இறுக்கிப் பிடித்துத் தூக்கிப் போக அதனால் முடியாது. ஆகவே ஆட்டுக்குட்டியைத் தூக்கிவிடும் என்ற பயம் யாருக்கும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் நான்கு வகை உண்டு. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு மூன்றும் அழிவின் விளிம்பில் இருப்பவை என்று உலக அளவில் பட்டியலிடப்பட்டவை. நான்காவது மஞ்சள்முகப் பாறு, அதற்கு ஒரு படி கீழே. இவற்றில் கருங்கழுத்துப் பாறும் மஞ்சள்முகப் பாறும்தான் பாறைகளை நம்பி வாழ்பவை.

செத்த மாட்டைத் தின்கிற பறவையைக் காப்பாத்தி நமக்கு என்ன ஆகப்போகுது?

ஒரு கூட்டம் இறங்கினால் முழு மாட்டையும் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அதன் வயிற்று அமிலம் அவ்வளவு கடுமையானது. மற்ற விலங்குகளைக் கொல்லக்கூடிய கிருமிகள் பலவும் அதில் பிழைப்பதில்லை. பாறு இல்லாவிட்டால் அந்த மாடு நாட்கணக்கில் அழுகிக் கிடக்கும், தண்ணீரில் கலக்கும், நாய்கள் பெருகும், வெறிநாய்க்கடியும் கூடும்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். எயால் பிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், பாறுகள் முன்பு நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். பாறுகள் மறைந்ததால் 2000 முதல் 2005 வரையான ஆண்டுகளில் மட்டும் இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று 2024இல் வெளியான அவர்கள் ஆய்வு சொல்கிறது. இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான்.

ஏன் போயும் போயும் பாறை இடுக்கில் முட்டை வைக்குது? மரத்தில் கட்டாதா?

வெண்முதுகுப் பாறு மரத்தில்தான் கட்டும். மாயாற்றங்கரையின் உயர்ந்த நீர்மருத மரங்கள் அதற்கு வீடு. கருங்கழுத்துப் பாறோ செங்குத்துப் பாறையின் விளிம்பைத் தேடும். ஐந்தாறு கிலோ எடையுள்ள பறவை தரையிலிருந்து எழும்பப் படாத பாடு பட வேண்டும். பாறை விளிம்பில் இருந்தால் சிறகை விரித்து அப்படியே சாய்ந்தால் போதும், சரிவில் மோதி மேலெழும் காற்று தூக்கிக்கொள்ளும். சிறுத்தையோ குரங்கோ எளிதில் அங்கே எட்ட முடியாது என்பது கூடுதல் வசதி.

பழகிய கண்ணுக்குக் கூடு இருக்கும் பாறை தூரத்திலேயே தெரிந்துவிடும். எச்சம் வழிந்து வழிந்து, சுண்ணாம்பை ஊற்றிவிட்டது போல நீள நீளமாக வெள்ளைக் கோடுகள் இறங்கியிருக்கும். கோடு தொடங்கும் இடத்தில் ஒரு சின்னத் திட்டு. அதில் கொஞ்சம் குச்சி, அதன்மேல் ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய ஏழெட்டு வாரம் அடைகாக்கும். குஞ்சு பறக்க இன்னும் மூன்று நான்கு மாதம் ஆகும். அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஐந்து ஆண்டு வரை பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு முட்டைதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

நீலகிரி வடக்குச் சரிவு, கர்நாடகத்தில் ராமநகராவின் ராமதேவர் பெட்டா, மத்தியப் பிரதேசத்தில் பன்னாவின் துந்துவா பள்ளம், கோட்டா அருகே சம்பல் ஆற்றுப் பள்ளத்தாக்கு எல்லாம் இப்படிப்பட்ட இடங்கள். ஓர்ச்சாவில் அரசர்களின் நினைவு மண்டபங்களையே பாறையாகப் பாவித்துக் கூடு வைத்திருக்கின்றன. ராமதேவர் பெட்டா 2012இல் பாறுகளுக்கென்றே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, நாட்டில் அதுவே முதல்.

பாலைவனத்தில் என்ன இருக்குன்னு அங்கே போகுது?

கால்நடை இருக்கிறது. தார்ப் பகுதியில் மழை பொய்த்தாலும் ஆடு, மாடு, ஒட்டகம் குறையாது. அவை சாவதும் குறையாது. பிகானேர் ஊருக்கு வெளியே ஜோர்பீர் என்ற இடத்தில் செத்த கால்நடைகளைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். குளிர்காலத்தில் இமயத்திலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வரும் பெரிய பாறுகள், புல்வெளிக் கழுகுகள், ஆயிரக்கணக்கில் மஞ்சள்முகப் பாறுகள் என்று எல்லாம் ஒரே திடலில் இறங்கும். முகம் சுளிக்க வைக்கும் நாற்றம்தான். ஆனால் பாறுகளும் கழுகுகளும் இவ்வளவு அடர்த்தியாக ஒன்றுகூடும் இடங்கள் நாட்டில் வெகு சிலவே.

அங்கேயும் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. ராஜஸ்தானில் 2012 கணக்கெடுப்பில் 3 லட்சத்துக்கு மேல் இருந்த ஒட்டகங்கள் 2019இல் 2 லட்சத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டன. இரை ஒரே திடலில் குவிந்தால் ஆபத்தும் அங்கேயே குவிகிறது. கூட்டமாகத் திரியும் நாய்கள் பறவைகளை விரட்டுகின்றன, சுற்றிலும் மின்கம்பிகள்.

செல்போன் டவர்தானே காரணம்? எங்க தாத்தா காலத்தில் வானம் பூரா இருந்துச்சாம்.

தாத்தா சொன்னது உண்மை. 1980களில் இந்தியாவில் கோடிக்கணக்கில் பாறுகள் இருந்தன. ஆனால் காரணம் டவர் இல்லை. பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் விபு பிரகாஷ் என்ற பறவையியலாளர் 1990களிலேயே சரிவைப் பதிவு செய்துவிட்டார். செல்போன் கிராமங்களுக்கு வந்தது அதற்குப் பிறகு. கழுத்து தொங்கிப்போய் மரக்கிளையில் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்து, பிறகு பொத்தென்று விழும் பறவைகளை அங்கே கண்டார்கள்.

1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. கருங்கழுத்துப் பாறு நூற்றுக்கு மூன்று. முதலில் தொற்றுநோய் என்று நினைத்தார்கள். பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர், ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் வெள்ளை மாவு அப்பியது போல யூரிக் அமிலம் படிந்திருப்பதைக் கண்டார்கள். சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. மாடுகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோபினாக் மருந்துதான் காரணம் என்று 2004இல் அவர்கள் நிரூபித்தார்கள். ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்து, அதைப் பாறு தின்றால், இரண்டு மூன்று நாளில் பாறும் சாகும்.

ஒரு சடலத்தில் ஒரு பெரிய கூட்டமே தின்னும் என்பதால், நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அளவு அழிவு வந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முட்டை என்று மேலே சொன்னேனே, அந்த வேகத்தில் இந்த இழப்பை ஈடுகட்டவே முடியாது.

நாய் தின்னா சாகலை, காக்கா தின்னா சாகலை. இது மட்டும் எப்படிச் சாகும்?

ஒவ்வொரு உயிரும் மருந்தை உடலிலிருந்து வெளியேற்றும் விதம் வேறு. நம் பாறுகளின் உடலில் டைக்ளோபினாக் நீண்ட நேரம் தங்கி, யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுவதைத் தடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் உள்ள வான்கோழிப் பாறு இதே மருந்தைப் பெரிய அளவில் தாங்கிக்கொள்கிறது. அது வேறு வம்சம். ஒரு பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து இன்னொன்றுக்கும் ஆகாது என்று முடிவு கட்ட முடியாது.

ஐரோப்பாவிலும் இதே பாடம்தான். ஸ்பெயின் 2013இல் கால்நடைகளுக்கு டைக்ளோபினாக்கை அனுமதித்தது, எங்களிடம் சடலங்களை அகற்றும் முறை ஒழுங்காக இருக்கிறது என்ற வாதத்தோடு. 2020இல் அங்கே கரும்பாறு என்ற வேறொரு பெரிய வகையின் குஞ்சு ஒன்று இந்த மருந்தால் செத்தது.

அதைத்தான் 2006லேயே தடை பண்ணிட்டாங்களே, இன்னும் என்ன?

கால்நடைக்கான டைக்ளோபினாக் தயாரிப்பை 2006இல் தடை செய்தார்கள். மனிதருக்கான மருந்து கடையில் இருந்தது. 30 மில்லி குப்பியாக விற்ற அந்த மருந்தை மாட்டுக்கு ஏற்றினார்கள். 2015இல் பெரிய குப்பிகளுக்குத் தடை வந்தது, 3 மில்லி ஆம்ப்யூல், அதாவது ஒரு தடவைக்கான சின்னக் குப்பி மட்டும் விற்கலாம் என்று. ஒரு ஆம்ப்யூலில் 75 மில்லிகிராம்தான் இருக்கும். 300 கிலோ மாட்டுக்கு அப்படிக் குறைந்தது நான்கை உடைத்து ஏற்ற வேண்டும் என்பதால் காசும் கூடுதல், வேலையும் கூடுதல். சின்ன மாற்றம்தான், ஆனால் சரியான இடத்தில் கை வைத்த மாற்றம். மருந்து நிறுவனங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அப்புறம் மாற்று மருந்துகளின் சிக்கல். அசிக்ளோபினாக் மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோபினாக்காகவே மாறிவிடுகிறது. கீட்டோபுரோபெனும் பாறுகளைக் கொல்லும். இந்த இரண்டையும் கால்நடைக்குப் பயன்படுத்த 2023இல்தான் தடை வந்தது. நிமிசுலைடுக்கு 2024 டிசம்பரில். முதல் தடைக்கும் கடைசித் தடைக்கும் இடையில் 18 ஆண்டுகள். ஒரு மருந்தை விற்பனைக்கு விடுவதற்கு முன்பே பாறுகளுக்கு அது பாதுகாப்பானதா என்று சோதிப்பதுதான் முறை. நாம் பறவைகள் செத்த பிறகு சோதிக்கிறோம், அதற்குப் பிறகு பல ஆண்டு கழித்துத் தடை செய்கிறோம். எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

சரி, எங்க மாட்டுக்கு மடி வீங்கினா, கால் வீங்கினா என்ன மருந்து கேட்கணும்?

மெலாக்சிகம். பாறுகளுக்குத் தீங்கில்லை என்று சோதித்து உறுதி செய்யப்பட்ட மருந்து, எளிதில் கிடைக்கும். டோல்பெனமிக் அமிலமும் அதே போலச் சோதனையில் தேறியது. எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும், நீங்கள் கேட்க வேண்டியது "மெலாக்சிகம் போடலாமா டாக்டர்?" என்ற ஒரு கேள்விதான். புளூனிக்சின் என்ற மருந்தும் பாறுகளுக்கு ஆபத்து என்று தெரிந்ததால் அதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

வலி மருந்து போட்ட மாடு ஓரிரு நாளில் செத்துப்போனால், என்ன மருந்து என்று உறுதியாகத் தெரியாதபோது அதைத் திறந்த வெளியில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

மருந்து ஒண்ணுதான் பிரச்சினையா? மத்ததெல்லாம் சரியா இருக்கா?

மருந்துதான் முதல் எதிரி, ஆனால் தனியாள் இல்லை. தார்ப் பகுதியில் மின்கம்பிதான் பெரிய கவலை. சிறகு விரித்தால் ஆறடிக்கு மேல் போகும் பறவை கம்பத்தில் வந்து உட்காரும்போது, இரண்டு கம்பிகளையோ கம்பியையும் கம்பத்தின் இரும்பையும் சேர்த்தோ தொட்டுவிட்டால் அந்த நொடியே முடிந்தது. பாலைவனத்தில் உயரமான மரம் அரிது என்பதால் உட்காரக் கிடைப்பதும் கம்பம்தான். கம்பத்தின் உச்சியில் கம்பிக்கு உறை போடுவதும், உட்காரும் இடத்துக்கும் கம்பிக்கும் இடைவெளி விடுவதும் சாவைக் கணிசமாகக் குறைக்கும்.

பாறைப் பகுதிகளில் கல் உடைப்பு இன்னொன்று. வெடி வைக்கும் பாறையில் மட்டுமல்ல, அதை அடுத்த பாறையிலும் அடைகாக்கும் பறவை கூட்டை விட்டு எழுந்துவிடும். பட்டத்து மாஞ்சாவையும் சொல்ல வேண்டும்: குஜராத்தில் உத்தராயணப் பட்டத் திருவிழாவின்போது பறவைகள் சிறகு அறுந்து விழுவது ஆண்டுதோறும் நடக்கிறது. விஷம் வைப்பதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கூண்டில் வளர்த்துப் பெருக்கி வெளியே விட்டால் போதாதா?

அதையும் செய்கிறார்கள். ஹரியானாவின் பிஞ்சோரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்தும் மையம் மூத்தது. மேற்கு வங்கத்தின் ராஜாபட்காவா, அசாமின் ராணி, போபால் ஆகிய இடங்களிலும் உண்டு. அழிந்தே போகாமல் ஒரு விதைக்கூட்டத்தைக் காப்பதற்கு இது அவசியம். ஆனால் விடுவிக்கும் பறவை முதலில் இறங்கும் சடலத்திலேயே கெட்ட மருந்து இருந்தால், பத்து ஆண்டு உழைப்பு ஒரு வேளைச் சாப்பாட்டில் போய்விடும்.

அதனால்தான் 100 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் மருந்துக்கடைகளைச் சோதித்து, பாதுகாப்பான வட்டாரம் என்று உறுதி செய்யும் வேலை கூடவே நடக்கிறது. நேபாளம் இன்னொரு வழி காட்டியது: நவல்பராசியில் பித்தௌலி என்ற ஊரில் வயதான மாடுகளை ஊர்க்காரர்களே வாங்கிப் பராமரிக்கிறார்கள். அவை தானாகச் செத்த பிறகு, மருந்து இல்லை என்று தெரிந்த சடலத்தைப் பாறுகளுக்கு வைக்கிறார்கள்.

கூட்டைப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கலாமா? ட்ரோன் விட்டா தொந்தரவு இல்லையே?

வேண்டாம். நம் பக்கத்தில் குளிர்காலம்தான் அடைகாக்கும் பருவம், சுற்றுலா வருகிறவர்களும் அப்போதுதான் அதிகம். தாய் எழுந்து போன கொஞ்ச நேரத்தில் வெயில் முட்டையைக் கெடுத்துவிடும், அல்லது காக்கை கொத்திவிடும். அந்த ஆண்டுக்கு இன்னொரு முட்டைக்கு உத்தரவாதம் இல்லை. ட்ரோன் அதைவிட மோசம். தன் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும் எதையும் அந்தப் பறவை எதிரியாகத்தான் பார்க்கும். கூடு இருக்கும் இடத்தை இணையத்தில் போடாதீர்கள். பறவையின் படத்தைப் போடுங்கள், பாறையின் பெயரைப் போடாதீர்கள்.

திருக்கழுக்குன்றத்துக் கழுகு இனி வருமா?

அந்த மலைக்கோயிலுக்கு உச்சி வேளையில் சர்க்கரைப் பொங்கல் வாங்க வந்த ஜோடி மஞ்சள்முகப் பாறு. 1990களோடு வருகை நின்றுபோனது. இந்த வகையின் தென்னிந்திய இனத்துக்கு அறிவியல் பெயரே செஞ்சியை வைத்துத்தான் சூட்டினார்கள். செஞ்சிப் பாறைகளில் அவ்வளவு சகஜமாக இருந்த பறவை. இன்று தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பதே அபூர்வம். குன்று அப்படியேதான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் தின்னத் தகுந்த, மருந்தில்லாத இரை இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் பதில். வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

எண்ணிக்கை கூடிடுச்சுன்னு பேப்பர்ல வந்துச்சே?

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் சேர்ந்து எடுத்த கணக்கில் 2023 பிப்ரவரியில் 246, அதே ஆண்டு டிசம்பரில் 320. சந்தோஷமான செய்திதான். ஆனால் மேலே உள்ள முட்டைக் கணக்கை வைத்துப் பாருங்கள்: பத்து மாதத்தில் இவ்வளவு குஞ்சுகள் பிறந்திருக்க முடியாது. கூடுதல் இடங்களில், கூடுதல் ஆட்களோடு எண்ணியதும் காரணம். மூன்று மாநிலத்துக்கும் சேர்த்து ஒரு கல்யாணப் பந்திக்குக்கூட ஆகாத எண்ணிக்கை இது. விழுந்துகொண்டிருந்தது நின்றிருக்கிறது என்று சொல்லலாம்.

அடிபட்ட பாறு கிடைச்சா என்ன செய்யணும்?

தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். துணியைப் போர்த்தி, நிழலில், இருட்டான பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வளர்க்க நினைக்காதீர்கள், சட்டப்படி குற்றம். 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பின் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கரும்பாறு களைத்து விழுந்தது. வனத்துறை அதை மீட்டு, உதயகிரிக் கோட்டையில் ஐந்து ஆண்டு பராமரித்தது. அதன் சொந்தக்காரர்கள் குளிர்காலத்துக்கு வருவது ராஜஸ்தானுக்கு என்பதால், 2022இல் விமானத்தில் ஜோத்பூருக்கு அனுப்பி வைத்தார்கள். ஒரே ஒரு பறவைக்காக இவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

புலி எங்க மாட்டை அடிக்குது. விஷம் வைக்காம நாங்க என்னதான் செய்யறது?

இதைக் கேட்பவரைக் குற்றவாளியாகப் பார்க்க என்னால் முடியாது. ஒரு கறவை மாடு போனால் அந்த வீட்டின் மாத வருமானம் போகிறது. ஆனால் செத்த மாட்டின் மேல் தூவும் பூச்சிமருந்து புலிக்கு முன்னால் பாறுகளைத்தான் எட்டும். வானத்திலிருந்து முதலில் பார்ப்பது அவைதானே. 2022 மார்ச்சில் அசாமின் சாய்காவ் அருகே விஷம் வைத்த ஒரே சடலத்தில் நூற்றை ஒட்டிய பாறுகள் செத்துக் கிடந்தன. நம் மூன்று மாநிலக் கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பாறுகளைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

செய்யக்கூடியது இது: மாட்டை அடித்ததும் சடலத்தை நகர்த்தாமல் படம் எடுத்து, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துக் கொடுக்கும் சான்று முக்கியம். பணம் மாதக்கணக்கில் இழுத்தடிப்பதுதான் மக்களை விஷத்தின் பக்கம் தள்ளுகிறது, அதை வனத்துறைக் கூட்டங்களில் நான் சொல்லாமல் விடுவதில்லை. உங்கள் ஊராட்சியிலும் தீர்மானமாகப் போட்டு அனுப்புங்கள். தனி ஆளின் மனுவைவிட அதற்குப் பதில் சீக்கிரம் வரும்.